நம் தெருவில் நடக்க முடிகிறதா? வேலூரில் நடைவசதியை அளக்க விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

டேப்பும் நோட்டுமாக வேலூர்த் தெருக்களை அளக்கத் தொடங்கியதிலிருந்து, அக்கம்பக்கத்தினரும் கல்லூரி மாணவர்களும் வார்டு கூட்டங்களில் பார்க்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் நகரமைப்பு படித்தவள். பிறந்து வளர்ந்தது இதே ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நடைவசதி என்றால் நடைபாதை இருப்பதுதானே?

இல்லை. பளபளக்கும் நடைபாதை இருந்தும், அதில் நடந்து போய்ச் சேர ஒரு பால் பூத்தோ மருந்துக் கடையோ இல்லை என்றால் அது காலை நடைப்பயிற்சிக்கு மட்டும்தான் உதவும். எல்லாம் பக்கத்திலேயே இருந்தும், போகிற வழியில் லாரி தோளை உரசிக்கொண்டு போனால் வீட்டில் இருக்கிற பெரியவர்கள் வெளியே இறங்க மாட்டார்கள். ஆகவே மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: என்னென்ன எட்டும் தூரத்தில் இருக்கின்றன, போகும் வழி எப்படி இருக்கிறது, போய்ச் சேர்ந்தால் வேலை முடிகிறதா. மூன்றாவதைப் பெரும்பாலான அளவீடுகள் விட்டுவிடுகின்றன.

வெளிநாடுகளில் இதை எப்படி அளக்கிறார்கள்?

பலருக்கும் தெரிந்தது 2007இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ‘வாக் ஸ்கோர்’ இணையதளம். ஒரு முகவரியைக் கொடுத்தால் 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். கடை, பள்ளி, பூங்கா போன்றவை ஐந்து நிமிட நடைக்குள், அதாவது ஏறக்குறைய 400 மீட்டருக்குள், இருந்தால் முழு மதிப்பெண். தூரம் கூடக் கூட மதிப்பெண் குறையும், முப்பது நிமிடத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது.

ஆய்வாளர்கள் பயன்படுத்துவது வேறு. லாரன்ஸ் ஃபிராங்க் என்பவரும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட குறியீடு நான்கைக் கூட்டுகிறது: வீடுகளின் அடர்த்தி, கடைகளுக்கான கட்டடப் பரப்பு, நிலப் பயன்பாடு எவ்வளவு கலந்திருக்கிறது, சாலைச் சந்திப்புகள் எத்தனை. சந்திப்புகளுக்கு மட்டும் இரட்டிப்பு எடை. சந்திப்பு அதிகமானால் சுற்றி வளைக்காமல் போகலாம் என்பது காரணம்.

மூன்றாவது வகை, நேரில் நடந்து பார்த்து மதிப்பெண் போடுவது. உலக வங்கிக்காக ஹாலி கிராம்பெக் 2006இல் வடிவமைத்த முறை இது. நடக்கிறவரும் வண்டியும் முட்டிக்கொள்கிறார்களா, நடைபாதை உண்டா, தடைகள் என்ன, சாலையைக் கடக்க இடம் உண்டா, மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன ஏற்பாடு, பயமில்லாமல் போகலாமா என்று தலைப்புவாரியாகக் கேட்கும். ஆசிய நகரங்கள் பலவற்றில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அதையே வேலூருக்கும் போட்டுப் பார்த்தால் என்ன?

முதல் இரண்டையும் போட்டால் கொசப்பேட்டையும் சைதாப்பேட்டையும் (சென்னையில் இருப்பது அல்ல, நம்முடையது) மிக நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். வீடுகள் நெருக்கம், கீழே கடை மேலே குடும்பம், பத்தடிக்கு ஒரு சந்து. அமெரிக்கப் புறநகரில் இல்லாதவை அத்தனையும் இங்கே இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் எதற்காக ஏங்கிக் குறியீடு கண்டுபிடித்தார்களோ, அது நம் பழைய பேட்டைகளில் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கிறது. நமக்குக் குறை வேறு: கால் வைக்க இடம், நிழல், மூடியுள்ள சாக்கடை, கடப்பதற்கு ஒரு நொடி அவகாசம். அந்தக் குறியீடுகள் இவற்றைக் கேட்பதே இல்லை. மூன்றாவது முறைதான் நமக்குப் பொருந்துகிறது, அதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தில் இல்லாதவையும் ஏராளம். மாவரைக்கும் மில், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், காலை ஏழு மணிக்குக் கீரைக் கூடையுடன் வந்து உட்காரும் அம்மா, இவர்கள் எந்தக் கணினிக்கும் தெரியாதவர்கள். ஆனால் ஒரு தெருவில் வாழ்க்கை எளிதாக இருக்கிறதா என்பதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

‘நடக்கும் தூரம்’ என்பது எவ்வளவு?

புத்தகக் கணக்கு: மணிக்கு 4.8 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 80 மீட்டர், ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர். பத்து நிமிடம் 800 மீட்டர்.

எங்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடை 350 மீட்டர். புத்தகக் கணக்குப்படி நாலரை நிமிடம். என் அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. ஒரு நாள் அவருடன் கைக்கடிகாரம் பார்த்துக்கொண்டே நடந்தேன். தெருமுனை வரை நன்றாகத்தான் போனார். அங்கே சாக்கடை மேல் போட்டிருந்த கான்கிரீட் பலகை ஒன்று உடைந்து ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நின்று, என் தோளைப் பிடித்து, பக்கவாட்டில் காலை வைத்துத் தாண்டினார். அடுத்து வரிசையாக மோட்டார் பைக்குகள், சாலையில் இறங்க வேண்டியதாயிற்று. பின்னாலிருந்து ஹாரன். பிறகு ஒரு வேப்பமரம், அதன் கீழ் யாரோ போட்டு வைத்த கல். “கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போலாம்மா” என்றார். கடைக்குப் போய்ச் சேர 14 நிமிடம் ஆனது. திரும்பும்போது கையில் அரிசிப் பை.

அன்றிலிருந்து நான் 400 மீட்டர் வட்டத்தை நம்புவதில்லை. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவர் ஐந்து நிமிடத்தில் 240 மீட்டர்தான் போவார், அதுவும் தடையே இல்லாத வழியில். உங்கள் தெருவில் மெதுவாக நடக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய நிமிடங்களை எழுதுங்கள். அவருக்கு எட்டினால் மற்ற எல்லோருக்கும் எட்டும்.

வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டால் போதாதா?

வேலூரில் அது பெரிய தவறாகிவிடும். பாலாறு ஊரை இரண்டாக்கி ஓடுகிறது, வடக்கே காட்பாடி, தெற்கே கோட்டை. பாலத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி வடகரையில் உங்கள் வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே தென்கரையில் ஒரு மருந்தகம், இடையில் 600 மீட்டர் ஆறு. வட்டம் போட்டால் அது நடக்கும் தூரம். சாலை வழியாகப் போனால் பாலம் வரை ஒரு கிலோமீட்டர், பாலம் 600 மீட்டர், மீண்டும் ஒரு கிலோமீட்டர், ஆக 2.6 கிலோமீட்டர். ஆறு வறண்டு கிடக்கும்போது மணலில் இறங்கிக் கடக்கலாம் என்பீர்கள். 2021 நவம்பரில் அதே ஆறு கரைபுரண்டு ஓடியதையும் பார்த்தோம்.

ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் இதே வேலையைச் செய்கின்றன. சாலை வழித் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். நல்ல தெரு அமைப்பில் 1.2, 1.3 வரும். 2ஐத் தாண்டினால் நடுவில் ஏதோ தடை இருக்கிறது, அதைக் குறித்து வையுங்கள். மேலே சொன்ன கணக்கில் அது 4.3.

எந்தெந்த இடங்களைக் கணக்கில் சேர்ப்பது?

அன்றாடம் போவது முதலில்: பால், காய்கறி, மளிகை, குடிநீர்க் குழாய், அங்கன்வாடி, தொடக்கப்பள்ளி, பஸ் நிறுத்தம். வாரம் அல்லது மாதம் ஒரு முறை போவது அடுத்து: ரேஷன் கடை, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், மருந்தகம், வங்கி, இ-சேவை மையம், கிளை நூலகம். விளையாட ஒரு மைதானம், உட்கார ஒரு பூங்கா. பொதுக் கழிப்பிடத்தை மறந்துவிடாதீர்கள். பூ விற்கும் பெண்ணிடம் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வார்.

அரசே வகுத்த அளவுகள் சில உண்டு, கூட்டத்தில் பேசும்போது கை கொடுக்கும். கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரையிலானது மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்கு.

எல்லாமே பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் போனால் வேலை முடிவதில்லை. அதை எப்படி அளப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு வீட்டு வேலை செய்யும் அம்மா. மிகச் சரியான கேள்வி. ஒரு கடையை எத்தனை குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன என்று பாருங்கள். 300 மீட்டரில் இருக்கும் ரேஷன் கடைக்கு 1,500 அட்டை, 700 மீட்டரில் இருப்பதற்கு 600 அட்டை என்றால், தூரத்தை மட்டும் பார்த்து முதல் கடைக்குப் போகிறவர்களை வசதியானவர்கள் என்று சொல்ல முடியாது. கடைக்கான அட்டைகள், கடை திறக்கும் நாட்கள், வரிசையில் நின்ற நிமிடங்கள், சரக்கு இல்லாமல் திரும்பிய முறைகள் ஆகியவற்றை ஒரு மாதம் எழுதுங்கள். நடந்த நிமிடத்தோடு நின்ற நிமிடத்தையும் கூட்டுங்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே நேரம்தான், ஒரே கூலியிலிருந்துதான் கழிகிறது.

நடைபாதையின் அகலத்தை எங்கே அளக்க வேண்டும்?

மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில். இந்திய சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் (ஐஆர்சி 103) குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், வணிகப் பகுதியில் 2.5 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர் என்றது. சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறும் படி 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ‘தடையில்லாத’ என்ற சொல்லை விரலால் தொட்டுப் படியுங்கள்.

ஒரு முறை மாணவிகள் இருவருடன் ஒரு கடைத்தெருவில் அளந்தேன். விளிம்பிலிருந்து கடைச்சுவர் வரை 2 மீட்டர், நோட்டில் அதை எழுதிவிட்டார்கள். நான் டேப்பை நகர்த்தச் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் 55 சென்டிமீட்டர். அந்த 55க்குள் கடைக்காரர் வைத்த படிக்கட்டு 30 சென்டிமீட்டர். மீதி 25. ஒரு மாணவி தன் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக நுழைந்து பார்த்தாள், முடியவில்லை. அந்தத் தெருவின் அகலம் 25 சென்டிமீட்டர் என்றே எழுதினோம். சக்கர நாற்காலிக்காரருக்கு மீதி நூறு மீட்டர் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன?

அப்படியானால் தள்ளுவண்டிகளையும் தடை என்று எழுதலாமா?

பலரும் இதைத்தான் எதிர்பார்த்துக் கேட்கிறார்கள், நான் மறுக்கிறேன். இட்லி வண்டியும் பழ வண்டியும் சேவைகள். அவற்றை எடுத்துவிட்டால் தெருவின் மதிப்பெண் குறைய வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒரு சந்து பயமில்லாமல் இருப்பதே அங்கே ஒரு வண்டியின் விளக்கு எரிவதால்தான்.

வண்டிக்கு அப்புறமும் 1.8 மீட்டர் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள். இல்லையென்றால் வண்டிக்கு வேறு இடம் குறித்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்தி இடம் ஒதுக்கச் சொல்கிறது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. நான் அளந்த இடங்களில் வண்டிகளைவிட நிறுத்தி வைத்த கார்களே அதிக இடத்தை அடைத்திருந்தன. காரைப் பற்றி எவரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

வேலூர் வெயிலை எப்படிக் கணக்கில் எடுப்பது?

இதற்கு வெளிநாட்டு முறைகளில் விடை தேட வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. பகல் 12 மணி அளவில் குறிப்பிட்ட வழியில் நடங்கள். நிழலில் நடந்த மீட்டரைத் தனியாகவும் வெயிலில் நடந்ததைத் தனியாகவும் எழுதுங்கள். வேம்பு, புங்கை, கடைகளின் முகப்பு ஓடு, மேம்பாலத்தின் அடி என எந்த நிழலானாலும் சேரும். தொடர்ந்து வெயிலில் நடக்க வேண்டிய நீளம் எவ்வளவு என்பதே முக்கியம். மொத்தத்தில் பாதி நிழலாக இருந்தாலும், அந்தப் பாதி முழுக்க ஒரே இடத்தில் இருந்தால் மறுபாதியை ஒரே மூச்சில் வெயிலில் கடக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு மரம் இருந்தால் என் அம்மா போய்விடுவார்.

குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் இடத்தையும் குறியுங்கள். கோடையில் கட்சிகளும் கோயில்களும் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் இரண்டு மாதத்துக்கு மட்டும் இருப்பது, அதைத் தனியாக எழுதுங்கள்.

சாலையைக் கடப்பதை எப்படி அளப்பது?

நின்ற நொடிகளை எண்ணுங்கள். ஓட வேண்டியிருந்ததா என்று எழுதுங்கள். சிக்னல் நேரத்தைக் கணக்கிடும்போது பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் நடையை எடுத்துக்கொள்வார்கள். 12 மீட்டர் சாலைக்கு அது 10 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் அம்மாவுக்கு 15.

ஐடா ஸ்கட்டர் சாலையில் சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மருத்துவமனை, மறுபக்கம் மருந்துக் கடைகளும் உணவகங்களும், அவற்றின் பின்னால் தங்கும் விடுதிகளும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள், தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கியபடி, எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி, நாள் முழுக்க அந்தச் சாலையைக் கடக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களை மட்டும் கேட்டு எடுக்கும் எந்தக் கணக்கிலும் இவர்கள் வரமாட்டார்கள். அந்தச் சாலையின் அளவுகோல் அவர்களுடைய நடையாக இருக்க வேண்டும்.

சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலை 48. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அதன் ஓரத்தில். மனு கொடுக்கப் பஸ்ஸில் வருகிறவர் எங்கே இறங்கி எப்படி மறுபக்கம் போகிறார் என்று கூடவே நடந்து பாருங்கள்.

இரவில் தனியாக அளக்க வேண்டுமா?

கட்டாயம், ஆனால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து போய், எரியாத விளக்குக் கம்பங்களின் எண்களை எழுதுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸில் காசு மிச்சமாகிறது, ஆனால் நிறுத்தத்திலிருந்து வீடு வரை இருட்டாக இருந்தால் அந்த மிச்சம் ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடுகிறது.

வார்டு சராசரி எடுத்தால் போதுமா?

மாநகராட்சிக்கு 60 வார்டு, நான்கு மண்டலம். அறிக்கைகள் வார்டு வாரியாகத்தான் கேட்கப்படும். சராசரியைக் கொடுங்கள், அதோடு வார்டின் மிக மோசமான தெருவையும் பெயர் சொல்லிக் கொடுங்கள். பிரதான சாலையை ஒட்டிய மூன்று தெருக்களுக்கு 80, ஏரிக்கரையை ஒட்டிய ஒன்றுக்கு 20 என்றால் சராசரி 65. பார்ப்பவர் திருப்தியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். இன்னொன்று: உங்கள் வார்டுக்குள் பள்ளி இல்லாமல், எல்லைக்கு அந்தப் பக்கம் ஐம்பது அடியில் இருக்கலாம். குழந்தைக்கு வார்டு எல்லை தெரியாது. எல்லையைத் தாண்டியும் 500 மீட்டர் வரை குறித்துக்கொள்ளுங்கள்.

‘15 நிமிட நகரம்’ என்கிறார்களே?

பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மோரேனோ 2016இல் முன்வைத்தது. அப்போதைய பாரிஸ் மேயர் ஆன் இதால்கோ 2020 தேர்தலில் எடுத்துக்கொண்டதால் உலகமெங்கும் பரவியது. அன்றாடத் தேவைகள் எல்லாம் நடையிலோ சைக்கிளிலோ கால் மணி நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பது கருத்து. நல்ல கருத்துதான். ஊருக்கு வெளியே புதிதாகப் பிரியும் மனைப்பிரிவுகளுக்கு இதை வலியுறுத்த வேண்டும். அங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள் கொத்தமல்லிக்கும் வண்டியை எடுக்கிறார்கள். பழைய பேட்டைகளுக்கு வேண்டியது, இருப்பதைக் கெடுக்காமல் கால் வைக்க இடம் கொடுப்பது.

இதெல்லாம் அரசிடம் ஏற்கெனவே இருக்கும் புள்ளிவிவரம்தானே?

2011 கணக்கெடுப்பில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள், எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். விவசாயமும் குடிசைத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களிடம் மட்டும். மார்க்கெட்டுக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, கோயிலுக்குப் போவது, மாமியாரை ஊசி போடக் கூட்டிப்போவது, இவை அந்தக் கணக்கில் இல்லை. இந்த நடைகளைப் பெரும்பாலும் பெண்கள்தான் நடக்கிறார்கள். நாம் எழுதாவிட்டால் இவை எங்கும் பதிவாகாது.

அளந்து கொடுத்தால் யார் மதிப்பார்கள்?

எடுத்த எடுப்பில் மதிக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது. மனுவில் “நடைபாதை சரியில்லை” என்று எழுதினால் பதில் வராது. “இந்த எண் கம்பத்துக்கும் இந்த எண் கடைக்கும் இடையே அகலம் 25 செ.மீ., விதிப்படி 250 செ.மீ.” என்று எழுதிப் படம் வைத்தால் அதிகாரி அதை யாருக்காவது அனுப்பித்தான் ஆக வேண்டும்.

மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுவது?

அகலம், நிழல், கடப்பது, வெளிச்சம் என மேலே பார்த்த ஒவ்வொரு தலைப்புக்கும் 1 முதல் 5. சராசரி எடுத்து 20ஆல் பெருக்கினால் 100க்கு வந்துவிடும். நான் இன்னொரு வரியும் சேர்ப்பேன்: எந்தத் தலைப்பிலாவது 1 விழுந்தால் அந்த வழிக்குச் சிவப்புக் கோடு, சராசரி எவ்வளவாக இருந்தாலும் சரி. மூடியில்லாத ஒரு சாக்கடைக் குழியை ஒன்பது நல்ல மதிப்பெண்கள் மூடிவிடாது.

கிளம்பும்போது கையில் என்ன வேண்டும்?

ஐந்து மீட்டர் டேப், நோட்டு, பென்சில் (வியர்வைக் கையில் பேனா மை கலைந்துவிடும்), கைக்கடிகாரம், தண்ணீர், தொப்பி அல்லது குடை. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் உங்கள் பகுதியை முன்பே அச்செடுத்துக்கொள்ளுங்கள். அது இலவசம், விடுபட்ட சந்துகளை நீங்களே அதில் சேர்க்கலாம். ஒரு காலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, இரவு எட்டு என ஒரே வழியில் மூன்று முறை. கூட ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள், அவர் உட்கார்ந்த இடங்களை எல்லாம் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். முதல் பெஞ்சுகளை எங்கே போடச் சொல்லிக் கேட்பது என்று அந்தப் புள்ளிகளே காட்டும்.